பயணித்த பள்ளியும் பயணிக்கும் பிள்ளையும்: படைவீரர் குடும்பப் பிள்ளைகளுக்கான தொடக்கக் கல்வி – எழும்பூர் முதல் இங்கிலாந்து வரை

ஆய்வுச் சுருக்கம்

படைவீரர் குடும்பப் பிள்ளைகளைத் தொடக்கப்பள்ளி எவ்வாறு தாங்கியது என்பதற்குப் பிரித்தானியப் படை வரலாற்றில் இருநூறாண்டுகளுக்கு மேற்பட்ட சான்றுகள் உள்ளன. 1789இல் சென்னை எழும்பூரில் தொடங்கப்பட்ட படைவீரர் ஆண்பிள்ளைகள் விடுதி, 1803இல் இலண்டன் செல்சியில் திறக்கப்பட்ட அரச விடுதி, 1812 முதல் படைப்பிரிவுகளோடு இயங்கிய பள்ளிகள், 2011 முதல் இங்கிலாந்தில் வழங்கப்படும் கூடுதல் நிதி ஆகியன இவ்வரலாற்றின் முக்கியக் கட்டங்கள். இவற்றை ஒப்புநோக்கும் இக்கட்டுரை, பிள்ளையோடு பள்ளியும் இடம்பெயர்ந்த நிலை மாறிப் பிள்ளை மட்டும் இடம்பெயரும் நிலை உருவானதே இன்றைய ஆதரவு முறைகளின் தோற்றுவாய் என நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: படைவீரர் பிள்ளைகள், தொடக்கக் கல்வி, சென்னை முறை, ஆண்ட்ரூ பெல், படைப்பிரிவுப் பள்ளி, கூடுதல் நிதி.

முன்னுரை

படைவீரரின் வாழ்வைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் போர்க்களத்தையே மையமாகக் கொண்டவை. வீரரின் மனைவியும் மக்களும் அவ்வரலாறுகளில் ஓய்வூதியப் பட்டியலிலோ இறந்தோர் பட்டியலின் ஓரத்திலோ மட்டுமே இடம்பெறுகின்றனர். ஆயினும், படை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நகரும்போதெல்லாம் ஒரு குழந்தையின் பள்ளி வாழ்வும் அதனோடு நகர்கிறது. தந்தை களம் செல்லும் காலத்தில் வகுப்பறையில் ஒரு பிள்ளை அவர் வரவை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது. இந்த இரு நிலைகளையும் பள்ளி எப்போது கவனிக்கத் தொடங்கியது, எந்த நோக்கத்தோடு கவனித்தது என்னும் வினாக்கள் கல்வி வரலாற்றுக்கு உரியவை. இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, வரலாற்றின் முதற் பக்கங்களுள் ஒன்று சென்னையில் எழுதப்பட்டிருப்பது தெரியவருகிறது.

எழும்பூர் விடுதி: தாயிடமிருந்து விலக்கப்பட்ட பிள்ளை

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஐரோப்பிய வீரர்கள் பலருக்கு இந்தியப் பெண்களோடு குடும்ப உறவு இருந்தது. தந்தை போரிலோ நோயிலோ இறந்தபின், அல்லது படையோடு வேற்றூருக்குச் சென்றபின், அவர்தம் பிள்ளைகளின் நிலை கம்பெனி அரசுக்கு ஒரு சிக்கலாயிற்று. பெண்பிள்ளைகளுக்கான விடுதி 1787இலும், ஆண்பிள்ளைகளுக்கான விடுதி 1789இல் எழும்பூரிலும் தொடங்கப்பட்டன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவரும் படைப்பிரிவுகளின் சமயகுருவாகப் பணியாற்றியவருமான ஆண்ட்ரூ பெல் ஆண்பிள்ளைகள் விடுதியின் கண்காணிப்பாளர் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார்.

இவ்விடுதி 'அநாதைகள்' விடுதி என்றே பெயர்பெற்றது. ஆனால் அங்குச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தார் என்பது கருதத்தக்கது. தாயின் மொழி, பழக்கவழக்கம், சூழல் ஆகியவற்றிலிருந்து பிள்ளையை விலக்கி, கம்பெனிக்குப் பயன்படும் ஒழுங்குள்ள பணியாளனாக ஆக்குவதே நிறுவனத்தின் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளிக்கு இவ்விடுதிச் சிறுவர்கள் மாணாக்கராயினர்; பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் அதுவே. வேறு சிலர் படையில் முரசும் குழலும் இசைப்போராகவும் எழுத்தராகவும் ஆயினர். குடும்பத்தின் இழப்பை நிரப்பும் பணியைவிட, படையின் தேவையை நிரப்பும் பணியே முதன்மை பெற்றிருந்தது எனலாம்.

இந்த நோக்கத்திற்கு இடையில்தான் கல்வி வரலாற்றில் நிலைத்த ஒரு முறை பிறந்தது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். அதனைத் தம் விடுதியில் நடைமுறைப்படுத்த முயன்றபோது அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே, சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகனான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறை வெற்றிபெற்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை மரபை அறிந்த தமிழ் ஆய்வாளர்களுக்கு இதன் உறவு உடனே புலப்படும். 1796இல் தாயகம் திரும்பிய பெல், 1797இல் தம் சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

செல்சி விடுதியும் சென்னை முறையும்

பிரெஞ்சுப் புரட்சிப் போர்களின் காலத்தில் பிரித்தானியப் படை பெருகியது. அதனோடு ஆதரவிழந்த பிள்ளைகளின் தொகையும் பெருகியது. படைத்தலைவராயிருந்த யார்க் கோமகன் ஃபிரெடெரிக் 1801 ஜூன் 19ஆம் நாள் செல்சியில் அரச படைவீரர் பிள்ளைகள் விடுதிக்கு அடிக்கல் நாட்டினார். 1803 முதல் அங்குப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே நிறுவனத்தில் வளர்க்கப்பட்டமை அக்காலத்திற்கு அரிதான ஒன்று. ஆண்பிள்ளைகள் தம் இசைவின்பேரில் படையிற் சேர்வர் என்றும், பெண்பிள்ளைகள் வீட்டுப் பணிக்கு அனுப்பப்படுவர் என்றும் எதிர்பார்க்கப்பட்டது.

பெல்லின் சென்னை முறை இவ்விடுதியில் ஏற்கப்பட்டது. எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்காக உருவான முறை இலண்டனிலும் படைவீரர் பிள்ளைகளையே வந்தடைந்தது என்பது தற்செயலன்று. குறைந்த செலவில், குறைந்த ஆசிரியரைக் கொண்டு, அணிவகுப்பை ஒத்த ஒழுங்கில் பலரைக் கற்பிக்க உதவிய முறை அது. படையின் இயல்புக்கு அது பொருந்தியது. செல்சி விடுதி 1892இல் யார்க் கோமகன் அரச படைப்பள்ளி எனப் பெயர்மாற்றம் பெற்று, 1909இல் டோவர் நகருக்கு இடம்மாறியது.

இந்தியாவில் இவ்விடுதி மரபு ஹென்றி லாரன்சின் முயற்சியால் தொடர்ந்தது. 1847இல் சனாவரிலும் 1858இல் உதகமண்டலத்திலும் அவர் பெயரிலான விடுதிகள் தொடங்கப்பட்டன. எழும்பூர் விடுதி 1870களின் தொடக்கத்தில் உதகை விடுதியோடு இணைக்கப்பட்டது. சமவெளியின் வெப்பத்திலிருந்தும் பாசறையின் சூழலிலிருந்தும் பிள்ளையைப் பிரித்து மலையில் வளர்ப்பது இவற்றின் கொள்கை. இக்கட்டத்து நிறுவனங்கள் அனைத்திற்கும் பொதுவான எண்ணம் ஒன்று உண்டு: படைவீரர் பிள்ளையைக் காப்பது என்பது அப்பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுத்துவிடுவதே.

படைப்பிரிவோடு நடந்த பள்ளி

விடுதி மரபுக்கு மாறான மற்றொரு போக்கு 1811, 1812ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. ஒவ்வொரு படைப்பிரிவிலும் பள்ளி அமைய வேண்டும் என்றும், அதற்குச் சார்ஜெண்ட் நிலையில் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்றும், செல்சியில் பின்பற்றப்படும் பெல்லின் முறையிலேயே கற்பிக்க வேண்டும் என்றும் படைத்தலைமை ஆணையிட்டது. அதற்குமுன் சில படைப்பிரிவுகளில் பள்ளிகள் இருந்தன. அவை தளபதியின் விருப்பத்தைச் சார்ந்து நின்றன. இப்போது அவை அரசின் பொறுப்பாயின. இங்கிலாந்துப் பொதுமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியை அமைத்துத் தரும் சட்டம் 1870இல்தான் வந்தது என்பதை நோக்க, படைவீரர் பிள்ளைகள் இதில் அரைநூற்றாண்டுக்கு மேல் முந்தியிருந்தமை தெளிவாகும்.

இப்பள்ளியின் பயனை மிகைப்படுத்தலாகாது. 100 வீரர்க்கு 6 மனைவியர் என்ற அளவிலேயே படையின் பட்டியலில் குடும்பங்கள் ஏற்கப்பட்டன. பட்டியலில் இடம்பெறாத மனைவிக்கும் மக்களுக்கும் உணவுப்படியோ தங்குமிடமோ இல்லை. படை கடல்கடந்து செல்லும்போது எந்த மனைவி உடன்செல்லலாம் என்பது சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யப்பட்டது. பட்டியலில் இடம்பெற்ற குடும்பமும் வீரர்கள் பலர் படுத்துறங்கும் கூடத்தின் ஒரு மூலையில், திரையொன்றின் மறைவில் வாழ்ந்தது. அத்தகைய வாழ்வில் பள்ளி அறை ஒன்றே பிள்ளைக்கென ஒதுக்கப்பட்ட இடமாக இருந்திருக்கும்.

1840இல் படைப்பிரிவுப் பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர்களை அமர்த்த அரச ஆணை வழிவகுத்தது. பெண்பிள்ளைகளுக்கும் மழலையருக்கும் எழுத்தும் தையலும் கற்பிப்பது அவர்களின் பணி. 1846இல் படை ஆசிரியர் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. தலைமைச் சமயகுருவான ஜார்ஜ் கிளெய்க் படைப்பள்ளிகளின் மேற்பார்வையாளராக அமைந்து, செல்சியில் ஆசிரியர் பயிற்சிக்கு வழிகோலினார். இப்பிரிவே 1920இல் படைக் கல்விப் பிரிவாக மாற்றம் பெற்றது.

படைப்பிரிவுப் பள்ளியின் மிக முக்கியமான இயல்பு அதன் இடப்பெயர்ச்சி ஆகும். படைப்பிரிவு டப்ளினிலிருந்து மால்டாவுக்கோ பெங்களூருக்கோ சென்றால், ஆசிரியரும் பாடநூலும் உடன்படிக்கும் தோழரும் உடன்சென்றனர். ஊர் மாறியது, பள்ளி மாறவில்லை. பிள்ளையின் தந்தை யார், அவர் எங்கே சென்றுள்ளார், எப்போது திரும்புவார் என்பன ஆசிரியர் அறிந்த செய்திகள். அவரும் அப்படைப்பிரிவின் உறுப்பினரே. இன்றைய பள்ளிகள் தனி ஏற்பாடுகளின்வழி அடைய முயலும் தொடர்ச்சி, அன்று பள்ளியின் அமைப்பிலேயே இருந்தது.

பள்ளி நின்றது, பிள்ளை நடந்தது

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரித்தானியாவிற்குள் இருந்த படைவீரர் பிள்ளைகளின் கல்வி படிப்படியாக உள்ளூர்க் கல்வி அமைப்புகளின் பொறுப்புக்கு மாறியது. இது சமத்துவ நோக்கில் முன்னேற்றமே. படைவீரர் மகனும் கடைக்காரர் மகளும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். படையின் ஒழுங்குக்கு உட்படாத ஆசிரியர் கற்பித்தார். பிள்ளை வருங்கால வீரனாகவே பார்க்கப்படும் நிலை தளர்ந்தது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. இனி ஒவ்வொரு பணியிட மாற்றமும் பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் ஆயிற்று.

வெளிநாட்டுத் தளங்களில் பழைய ஏற்பாட்டின் சாயல் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் செருமனியில் தங்கிய பிரித்தானியப் படையினரின் குடும்பங்களுக்காக 1946இல் தனிக் கல்விப் பணி தொடங்கப்பட்டு, இங்கிலாந்திலிருந்து குடிமை ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டனர். 1969இல் மூன்று படைகளுக்கும் பொதுவான படைப்பணியாளர் பிள்ளைகள் கல்வி ஆணையம் அமைந்தது. இப்பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் படைக்குடும்பப் பிள்ளைகளே; ஆகவே 'புதிதாக வந்தவர்' என்னும் நிலை எவரையும் தனிமைப்படுத்தவில்லை. தாயகத்துப் பள்ளிகளிலோ ஒரே வகுப்பில் ஒரேயொரு படைவீரர் பிள்ளை இருக்கக்கூடும். அப்பிள்ளையின் சூழலை அறிந்தவர் எவரும் இல்லாமலும் போகலாம்.

எண்ணப்படாத பிள்ளை

2001இல் தொடங்கிய ஆப்கானிஸ்தான் போரும் 2003இல் தொடங்கிய ஈராக் போரும் இக்குறையை வெளிக்கொணர்ந்தன. வீரர்கள் ஏறத்தாழ ஆறு மாதத் தவணைகளாகக் களத்திற்கு அனுப்பப்பட்டனர். சில குடும்பங்களில் இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் நாட்டில் எந்தப் பள்ளியில் எத்தனை படைவீரர் பிள்ளைகள் பயில்கின்றனர் என்ற கணக்கே அரசிடம் இல்லை. 2006இல் நாடாளுமன்றக் கீழவையின் பாதுகாப்புக் குழு படைப்பணியாளர் பிள்ளைகளின் கல்வி குறித்து வெளியிட்ட அறிக்கை இந்நிலையைச் சுட்டிக்காட்டியது. 2008 முதல் இங்கிலாந்தின் பள்ளிக் கணக்கெடுப்பில் இப்பிள்ளைகளுக்கென ஒரு குறியீடு சேர்க்கப்பட்டது. எண்ணப்பட்ட பின்னரே ஒரு பிரிவினர் கொள்கையின் கண்ணுக்குப் புலப்படுகின்றனர் என்பதற்கு இது தக்க சான்று.

கணக்கு வந்தபின் இரு உண்மைகள் தெரியவந்தன. முதலாவது, சராசரி மதிப்பெண் அளவில் இப்பிள்ளைகள் பிறரைவிடப் பின்தங்கவில்லை. இரண்டாவது, அடிக்கடி பள்ளி மாறிய பிள்ளைகளின் அடைவு, மாறாத பிள்ளைகளின் அடைவைவிடக் குறைந்திருந்தது. பள்ளிகளை ஆய்வுசெய்யும் ஆஃப்ஸ்டெட் நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கையும் இடமாற்றத்தால் கற்றல் தடைப்படுவதையும், பெற்றோர் களம்செல்லும் காலத்தில் பிள்ளைகள் மனக்கலக்கத்திற்கு ஆளாவதையும் குறிப்பிட்டது. எனவே இப்பிள்ளைகளின் தேவை வறுமையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட திட்டங்களால் நிறைவேறாது என்பது புலனாயிற்று.

2011 ஏப்ரல் முதல் படைப்பணியாளர் பிள்ளைகளுக்கான கூடுதல் நிதி நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு. 2024–25இல் 340 பவுண்டு. இது பெற்றோரிடம் தரப்படுவதன்று. அரசு நிதிபெறும் பள்ளிக்குத் தரப்படுவது. முதன்மையாக மனநலப் பேணலுக்கும் இடமாற்றத்தால் நேரும் இடர்ப்பாட்டைக் குறைப்பதற்கும் உரியது. பெற்றோர் படையிலிருந்து விலகிய பின்னரும் ஆறு ஆண்டுகள்வரை பிள்ளைக்கு இத்தகுதி தொடரும் வகையில் விதி விரிவுபடுத்தப்பட்டது. 2011ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம், படையினர் பணியின் காரணமாகப் பாதிப்படைகின்றனரா என்பது குறித்து ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கப்படவேண்டும் என்றது. அறிக்கைக்குரிய துறைகளுள் கல்வியும் ஒன்று. 2021ஆம் ஆண்டின் சட்டம் பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் இதனைக் கருத்திற்கொள்ளும் சட்டக் கடமையை விதித்தது.

தொடக்கப்பள்ளி செய்யும் பணி

இச்சட்டங்களும் நிதியும் வகுப்பறையில் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதை நான்கு நிலைகளில் தொகுத்துக் காணலாம்.

முதல் நிலை சேர்க்கை. குடும்பம் வந்துசேரும் முன்னரே, பணியிட மாற்றம் குறித்த படையின் அலுவல் கடிதத்தைக் கொண்டு பள்ளி இடம் ஒதுக்கிட இங்கிலாந்தின் சேர்க்கை விதிகள் வழிசெய்கின்றன. 5 முதல் 7 வயதுவரையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் ஓராசிரியருக்கு 30 மாணவர் என்ற சட்ட வரம்புண்டு. ஆண்டின் இடையில் வரும் படைவீரர் பிள்ளை இவ்வரம்புக்கு விலக்காக ஏற்கப்படுகிறது. 'இடமில்லை' என்ற மறுமொழியைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு இது.

இரண்டாம் நிலை கற்றல் தொடர்ச்சி. பள்ளிக்குப் பள்ளி பாடவரிசை வேறுபடுவதால், ஒரு பிள்ளை ஒரே வரலாற்றுப் பாடத்தை இருமுறை படித்துப் பின்னங்களை ஒருமுறைகூடப் படிக்காமல் போக நேரலாம். மாற்றுச் சான்றிதழ் இதனைச் சொல்லாது. ஆகவே பழைய பள்ளியோடு நேரடியாகத் தொடர்புகொண்டு, விடுபட்ட பகுதிகளைக் கண்டறிந்து, சிறு குழுக்களில் கற்பிப்பது பள்ளியின் பணியாகிறது. சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளையிடத்தில் இது மேலும் இன்றியமையாதது. ஒவ்வோர் ஊரிலும் மதிப்பீட்டுக்கான காத்திருப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் இடர் உண்டு.

மூன்றாம் நிலை பிரிவுக்காலம். தந்தையோ தாயோ களம்செல்லும் நாளைப் பள்ளி முன்னரே அறிந்திருந்தால், பிள்ளையின் அமைதியையோ சினத்தையோ ஒழுங்கின்மை எனத் தவறாகக் கருதும் நிலை தவிர்க்கப்படும். பயிற்சிபெற்ற உதவியாளர் ஒருவர் வாரந்தோறும் பிள்ளையோடு பேசுதல், பெற்றோர் உள்ள நாட்டின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் வைத்தல், கடிதம் எழுத வகுப்பு நேரத்தில் இடமளித்தல், களத்திலுள்ள பெற்றோர் படித்துப் பதிவுசெய்த கதையைக் கேட்கச் செய்தல் ஆகியன பரவலான நடைமுறைகள். பெற்றோர் திரும்பும் காலமும் எளிதன்று. அவரில்லாமல் பழகிய வீட்டில் அவருக்கு மீண்டும் இடமளிக்கப் பிள்ளைக்குக் காலம் தேவைப்படுகிறது.

நான்காம் நிலை விடைபெறல். புதிதாக வரும் பிள்ளைக்கு, முன்னரே இடம்பெயர்ந்து அனுபவப்பட்ட படைவீரர் பிள்ளையைத் துணையாக அமர்த்துவது பல பள்ளிகளின் வழக்கம். எழும்பூர் விடுதியில் மூத்த சிறுவன் இளையவனுக்கு எழுத்தறிவித்த முறையோடு இதற்கு நேரடி மரபுத்தொடர்பு இல்லை. ஆயினும் ஒப்புமை நோக்கத்தக்கது. அங்கு ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுசெய்யப் பிள்ளை பயன்பட்டது. இங்குப் பெரியவர் அறியமுடியாத ஒன்றைப் பிள்ளை அறிந்திருப்பதால் அதன் துணை நாடப்படுகிறது.

நிதியின் எல்லை

இவ்வேற்பாடுகளின் குறையையும் சுட்டவேண்டும். நிதி தலைக்கணக்கில் வழங்கப்படுகிறது. 200 படைவீரர் பிள்ளைகள் உள்ள முகாம்நகர்ப் பள்ளி 2024–25ஆம் ஆண்டு விகிதப்படி 68,000 பவுண்டு பெறும். தனி உதவியாளர் ஒருவரை அமர்த்த அது போதும். 3 பிள்ளைகள் மட்டுமே உள்ள பள்ளி பெறுவது 1,020 பவுண்டு. ஆனால் தன்னைப்போல் வேறொருவரும் இல்லாத பள்ளியில் பயிலும் பிள்ளைக்கே ஆதரவு மிகுதியாகத் தேவைப்படுகிறது. தனிமை மிகுந்த இடத்தில் நிதி குறைந்தும், தோழமை மிகுந்த இடத்தில் நிதி நிறைந்தும் அமைவது இம்முறையின் உள்முரண் ஆகும். மேலும், பெற்றோர் தம் பணியைப் பள்ளிக்குத் தெரிவித்தால் மட்டுமே பிள்ளை கணக்கில் சேரும். பாதுகாப்புக் கருதித் தெரிவிக்காதோரின் பிள்ளைகள் இன்றும் எண்ணப்படாதவர்களே.

விடுதலை பெற்ற இந்தியா இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வைத் தேர்ந்தது. படையினர் மிகுந்த ஊர்களில் இயங்கிய 20 படைப்பிரிவுப் பள்ளிகளை ஏற்று 1963இல் மையப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கேந்திரிய வித்யாலயா என்னும் பெயரில் அவை நாடெங்கும் பரவின. எவ்வூர் சென்றாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே ஆண்டுவரிசை என்பது அவற்றின் அடிப்படை. இங்கிலாந்து பிள்ளையின் பின்னே நிதியை அனுப்பியது. இந்தியா பிள்ளை செல்லுமிடமெல்லாம் ஒரே வகைப் பள்ளியை நிறுவியது. பயணித்த பள்ளியின் நினைவு இந்தியத் தீர்வில் ஓரளவு எஞ்சியுள்ளது எனலாம்.

முடிவுரை

எழும்பூர் விடுதி பிள்ளையைக் குடும்பத்திலிருந்து விலக்கிக் காத்தது. படைப்பிரிவுப் பள்ளி குடும்பத்தோடும் படையோடும் சேர்ந்து நடந்தது. ஆனால் பிள்ளையைப் படையின் உடைமையாகவே பார்த்தது. இன்றைய தொடக்கப்பள்ளி பிள்ளையை அதன் பொருட்டே பார்க்க முயல்கிறது. ஆனால் அது ஓரிடத்தில் நிற்கும் பள்ளி. அதனிடம் சில ஆண்டுகளே தங்கும் பிள்ளைக்கு அது தரக்கூடியது, வந்த நாளிலேயே பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரும், போகும் நாளில் முழுமையாக எழுதி அனுப்பப்படும் குறிப்பேடுமே. படைப்பள்ளியின் வரலாறு காட்டுவது, தொடர்ச்சி என்பது ஆசிரியரின் அறிவால் நிகழ்ந்தது என்பதே. பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார். நிதியும் சட்டமும் அந்த அறிவை மீட்டெடுக்கும் கருவிகளாகும்போதே பயன் தருகின்றன. ஒரேயொரு படைவீரர் பிள்ளை பயிலும் சிறிய ஊர்ப்பள்ளியை எட்டும்வரை அக்கொள்கை நிறைவுபெற்றதாகக் கொள்ள இயலாது.